பாதி வழியில் திரும்பியவர்கள்

எங்கள் தெருவில் நாலு மாதமாக ஒரு மாடி வீடு எழும்பிக்கொண்டிருக்கிறது. கதை எழுதுகிறவனுக்கு இதைவிடப் பெரிய சத்துரு வேறு கிடையாது. காலை எட்டு மணிக்கு ஜல்லி கொட்டும் சத்தம் ஆரம்பித்தால், என் கதாநாயகனும் கதாநாயகியும் காதைப் பொத்திக்கொண்டு ஓடியே போய்விடுகிறார்கள். ஆகவே பேனாவை மூடி வைத்துவிட்டு, ஜன்னலண்டை உட்கார்ந்து வேடிக்கை பார்ப்பதே என் உத்தியோகமாகிவிட்டது.

போன வாரம் மூன்றாவது மாடிக்குச் சாரம் கட்டினார்கள். சவுக்குக் கட்டையும் கயிறும்தான். அதன் மேல் ஒரு கொத்தனார் நின்றுகொண்டு வெளிச்சுவருக்குப் பூச்சு வேலை செய்தார். காலுக்கடியில் இருந்த பலகை ஒரு முழ அகலம் இருந்தால் அதிகம். இடுப்பில் கயிறு கிடையாது. தலையில் ஒரு துண்டு. அவர் கரணையை வீசி ஓர் எட்டுப் பின்னால் வைத்துத் தம் வேலையின் அழகைப் பார்க்கும் போதெல்லாம், எனக்கு அடிவயிற்றில் ஏதோ புரண்டது. அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. சாயங்காலம் பீடி பற்ற வைத்துக்கொண்டு சுகமாக இறங்கிப் போனார்.

மேஸ்திரி வாசலில் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தார். அறுபது வயதுக்காரர், நல்ல மனுஷர். "மேஸ்திரி, அவ்வளவு உசரத்திலே ஆள் நிக்கிறாரே, கீழே ஒரு வலை கிலை கட்டக் கூடாதா?" என்று கேட்டேன்.

அவர் சிரித்தார். "வலையா? மீனா பிடிக்கிறோம், ஐயா? முப்பது வருஷமாச் சாரம் கட்டறேன். என் கண்ணு முன்னாலே மூணு பேர் விழுந்திருக்காங்க. விதி முடிஞ்சா வெறுந்தரையிலே நடக்கிறவனும்தான் விழுவான்" என்றார். பிறகு, நோட்டைப் புரட்டியவாறே, குரலைச் சற்றுத் தாழ்த்திக்கொண்டு, "எஸ்டிமேட்டிலே அதுக்கெல்லாம் ஏதுங்க இடம்?" என்றார்.

ஒரே கேள்விக்கு இரண்டு பதில். விதியைப் பற்றிய முதல் பதிலுக்கு மறுமொழி சொல்ல என்னால் ஆகாது. என்னிலும் பெரியவர்கள் அந்த வழக்கில் தோற்றிருக்கிறார்கள். ஆனால் எஸ்டிமேட் விஷயத்தில் எனக்கு ஒரு பழைய கதை தெரியும். அது ஸான் பிரான்ஸிஸ்கோவில் நடந்தது. அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

அமெரிக்காவில் பாலம் கட்டுகிறவர்களிடையே ஒரு காலத்தில் ஒரு வாய்க்கணக்கு இருந்தது. பத்து லட்சம் டாலர் செலவுள்ள வேலை என்றால் ஓர் உயிர் போகும். இரண்டு கோடி டாலர் வேலை என்றால் இருபது உயிர். இரும்புக்கு இவ்வளவு, சிமெண்டுக்கு இவ்வளவு, கூலிக்கு இவ்வளவு என்று எழுதிக்கொண்டே வந்து, கடைசியில் எழுதாமல் விட்ட ஓர் இனம் அது. யாரும் அதைக் கொடுமை என்று எண்ணவில்லை. மழைக்கு நாலு நாள் வேலை கெடும் என்று கணக்குப் போடுகிறோமே, அந்த மாதிரி. வலைக்கு எஸ்டிமேட்டில் இடமில்லை. சாவுக்கு மட்டும் இடம் இருந்தது.

இதற்குப் பின்னால் சட்டமும் துணை நின்றது. 1837-ஆம் வருஷம் மாஸசூஸெட்ஸ் ராஜ்யத்தில், வேறொரு சிப்பந்தியின் அஜாக்கிரதையால் ரயில் தடம் புரண்டு, ஓர் எஞ்சின் டிரைவர் கையை இழந்தார். கம்பெனி மேல் நஷ்டஈட்டு வழக்குப் போட்டார். 1842-இல் பிரதம நீதிபதி லெமுயல் ஷா தீர்ப்புச் சொன்னார். டிரைவருக்கு மற்றவர்களைவிட அதிகச் சம்பளம் கிடைக்கிறது. வேலையிலுள்ள ஆபத்துக்கும் சேர்த்துத்தான் அந்தச் சம்பளம். ஆகவே முதலாளி பொறுப்பில்லை என்பது தீர்ப்பின் சாராம்சம். நாளொன்றுக்கு இரண்டு டாலர் வாங்கிய மனிதர் தம் கையையும் அந்த இரண்டு டாலருக்குள்ளேயே விற்றுவிட்டார் என்று ஆயிற்று! தர்க்கம் என்னவோ பிரமாதமான தர்க்கம்தான். இதை மீறிக்கொண்டு வெளியே வர உலகத்துக்கு இரண்டு தலைமுறை பிடித்தது. இங்கிலாந்தில் 1897-இல் தொழிலாளர் நஷ்டஈட்டுச் சட்டம் வந்தது. அமெரிக்காவில் 1911 முதல் ராஜ்யம் ராஜ்யமாக வந்தது. கலிபோர்னியாவில் 1913-ஆம் வருஷச் சட்டம் அதைக் கட்டாயமாக்கியது. நம் தேசத்தில் 1923. விழுந்தவன் குடும்பத்துக்குப் பணம் கொடுத்தே தீரவேண்டும் என்று ஆன பிறகுதான், அவன் விழாமலிருந்தால் எவ்வளவு மிச்சம் என்று முதலாளிமார்கள் காகிதத்தை எடுத்துக் கணக்குப் போட்டார்கள். மனிதனுடைய நல்ல குணங்களில் பாதி இப்படிக் கணக்குப் புத்தகத்தின் வழியாக வந்து சேர்ந்தவைதானோ என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு.

ஆனால் சட்டம் வருவதற்கு முன்பே யோசித்தவர்களும் இல்லாமல் இல்லை. ஸ்காட்லாந்தில் ஃபோர்த் நதி கடலில் கலக்கும் முகத்தில் 1882 முதல் 1890 வரையில் ஒரு பெரிய ரயில் பாலம் கட்டினார்கள். உச்சி தண்ணீருக்கு மேல் 361 அடி. வேலை செய்பவர்கள் விழுவார்கள் என்று முன்கூட்டியே ஒப்புக்கொண்டு, பாலத்தின் ஒவ்வொரு பிரம்மாண்டமான கைக்கும் கீழே தண்ணீரில் ஒரு படகு காத்திருக்க ஏற்பாடு செய்தார்கள். அப்படிக் காத்திருந்த படகுகள் எட்டுப் பேரையாவது உயிரோடு தூக்கியிருக்கின்றன. தொப்பிகளும் சட்டைகளும் எத்தனை தூக்கினவோ!

அந்தப் பாலத்தின் எஞ்சினீயர்களில் ஒருவரான பெஞ்சமின் பேக்கர் ஒரு சமாசாரம் சொல்லியிருக்கிறார். சுமார் முந்நூறு அடி உயரத்திலிருந்து ஒரு ஸ்பானர் நழுவி விழுந்தது. வழியில் ஒருவர் தலையிலிருந்த தொப்பியைத் தட்டிக்கொண்டு போய், நாலு அங்குலக் கனமுள்ள பலகையில் துளை போட்டுவிட்டதாம். தொப்பிக்காரர் பிழைத்தார். இரண்டு அங்குலம் இந்தப் பக்கம் நின்றிருந்தால்? ஆகவே விழுகிறவன் மட்டும் அல்ல, விழுகிறவற்றுக்குக் கீழே நிற்கிறவனும் ஆபத்தில்தான் இருக்கிறான். இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். தொப்பி விஷயம் பின்னால் வருகிறது.

ஃபோர்த் பாலத்தில் இறந்தவர்கள் 57 பேர் என்று வெகு காலம் எழுதிக்கொண்டிருந்தார்கள். நூறு வருஷத்துக்குப் பிறகு அந்த ஊரைச் சேர்ந்த சரித்திரப் பிரியர்கள் சிலர் உட்கார்ந்து பழைய ஏடுகளைப் புரட்டினார்கள். 73 பேர் என்று தெரிந்தது. ஒரு பாலத்தில் எத்தனை ஆணி அடித்தார்கள் என்பதற்குச் சரியான கணக்கு வைத்திருந்தவர்கள், ஆள் கணக்கில் பதினாறு பேரை விட்டிருந்தார்கள்.

இனி ஸான் பிரான்ஸிஸ்கோவுக்குப் போகலாம்.

அந்த ஊரின் வளைகுடா, பஸிபிக் சமுத்திரத்தோடு சேரும் இடத்துக்குத்தான் கோல்டன் கேட் என்று பெயர். பொன்வாசல்! பெயரைக் கேட்டு ஏமாறக்கூடாது. நீரோட்டம் ஆளை இழுத்துக்கொண்டு போகும். காற்று ஓயாது. மூடுபனி இறங்கினால் எதிரில் இருப்பவன் முகம் தெரியாது. அங்கே பாலம் கட்ட முடியாது என்று அநேகர் சொல்லிவந்தார்கள். 1933-ஆம் வருஷம் ஜனவரி 5-ஆம் தேதி வேலை ஆரம்பமாயிற்று. இரு கோபுரங்கள், ஒவ்வொன்றும் தண்ணீருக்கு மேல் 746 அடி. அவற்றுக்கு நடுவே 4,200 அடி தூரம், கீழே கால் எதுவும் இல்லாமல், கம்பி வடங்களில் தொங்கும் பாதை. பாதையிலிருந்து தண்ணீர் 220 அடி ஆழத்தில். அங்கிருந்து ஒருவன் விழுந்தால் நாலு விநாடிக்குள் தண்ணீரை அடைவான். அந்த வேகத்தில் தண்ணீருக்கும் கருங்கல்லுக்கும் வித்தியாசம் கிடையாது.

செலவுக்காக வெளியிட்ட கடன் பத்திரங்கள் மூன்றரைக் கோடி டாலர். பழைய வாய்க்கணக்குப்படி 35 உயிர்.

பிரதம எஞ்சினீயர் ஜோஸப் ஸ்ட்ராஸ். ஆள் குள்ளம், ஆசை ஆகாசம். கல்லூரி நாளிலிருந்து கவிதை எழுதும் பழக்கம் வேறு. அவரைப் பெரிய மகான் என்று நான் சொல்ல வரவில்லை. பாலத்தின் நுட்பமான கணக்குகளை மாதக்கணக்கில் போட்டுத் தந்த சார்லஸ் எல்லிஸ் என்ற எஞ்சினீயரை 1931-இல் வேலையிலிருந்து விலக்கி, அவர் பெயர் எங்கும் வராமல் பார்த்துக்கொண்டவர் இந்த ஸ்ட்ராஸ்தான். எல்லிஸின் பெயர் வெளியே வர எத்தனையோ வருஷங்கள் ஆயின. புகழை ஒருவருக்கும் பங்கு கொடுக்க மனமில்லாத இந்த மனிதர், கூலிக்காரன் உயிர் விஷயத்தில் மட்டும் ஒரு பிடிவாதம் பிடித்தார். மனிதர்களை ஒரே வர்ணத்தில் தீட்டும் கதாசிரியர்கள் இதைக் கவனிக்க வேண்டும். (என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.)

ஸ்ட்ராஸ் செய்த ஏற்பாடுகளைக் கேளுங்கள். வேலை செய்கிற ஒவ்வொருவனும் தலையில் கெட்டித் தொப்பி போட்டுக்கொள்ள வேண்டும். ஸான் பிரான்ஸிஸ்கோவில் புல்லார்டு என்ற கம்பெனி சுரங்கத் தொழிலாளிகளுக்காக ஒரு தொப்பி செய்துவந்தது. முதல் மகாயுத்தத்தில் சிப்பாய் இரும்புத் தொப்பி அணிந்து திரும்பிவந்த அந்த வீட்டுப் பிள்ளை, கித்தானை ஆவியில் வேகவைத்துப் பசை தடவிக் கறுப்பு வர்ணம் பூசி 1919-இல் உண்டாக்கிய தொப்பி அது. அதைப் பாலத்து வேலைக்கு ஏற்றபடி மாற்றச் செய்தார். இன்று உலகமெங்கும் மஞ்சளும் வெள்ளையுமாகக் காணப்படும் தொப்பிகளுக்கு அதுவே பாட்டன். கண் கூசாமல் இருக்கக் கண்ணாடி. காற்றில் முகமும் கையும் வெடிக்காமல் இருக்க ஒரு களிம்பு. தலைசுற்றல் வராதிருக்கச் சாப்பாட்டில் பத்தியம். வேலை நடக்குமிடத்திலேயே ஆஸ்பத்திரி. முந்தின ராத்திரி குடித்துவிட்டு மறுநாள் கிறுகிறுத்த தலையோடு வருகிறவர்களுக்குப் புளிக்கவைத்த கோஸின் சாறு! அதைக் குடிப்பதற்குப் பயந்தே பாதிப் பேர் குடியை விட்டிருப்பார்கள் என்று நினைக்கிறேன்.

இன்னோர் உத்தரவும் போட்டார். இரும்பு விட்டத்தின் மேல் வித்தை காட்டுகிறவனுக்கு அன்றோடு வேலை போய்விடும். இது சாதாரண உத்தரவு அல்ல. அந்த நாளில் எஃகு வேலைக்காரனுடைய கௌரவமே பயமின்மைதான். 1932-இல் நியூயார்க்கில் எடுத்த ஒரு போட்டோவை நீங்கள் பார்த்திருப்பீர்கள். பதினொரு பேர் ஆகாசத்தில் ஓர் இரும்பு விட்டத்தில் வரிசையாக உட்கார்ந்து, காலைத் தொங்கப்போட்டுக்கொண்டு மத்தியானச் சாப்பாடு சாப்பிடுகிறார்கள். கீழே பட்டணம் பொம்மை மாதிரி தெரிகிறது. ராக்பெல்லர் சென்டர் கட்டடத்துக்கு விளம்பரமாக எடுத்த படம் அது. நான் முடிவெட்டிக்கொள்ளப் போகும் கடையில்கூட அது மாட்டியிருக்கிறது. எல்லோரும் ரசிக்கிறோம், ஒருவன் இடுப்பிலும் கயிறு இல்லையே என்று கேட்பதில்லை. ஸ்ட்ராஸின் பாலத்தில் கயிறு இல்லாமல் நிற்கக்கூடாது.

தவிர, அது பஞ்ச காலம். அமெரிக்காவில் லட்சக்கணக்கானவர்கள் வேலையில்லாமல் திண்டாடினார்கள். பாலத்தின் அடிவாரத்தில் தினமும் ஆட்கள் காத்து நிற்பார்களாம். யாராவது விழுந்தால் அந்த இடம் காலியாகுமே என்று! அவர்களைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. வீட்டில் அடுப்பு எரியாதவன் எங்கேதான் நிற்பான்? ஆனால் ஒன்றை யோசித்துப் பாருங்கள். ஒருவன் செத்தால் பத்துப் பேர் அந்த இடத்துக்கு வரக் காத்திருக்கிற காலத்தில், அந்த ஒருவனைக் காப்பாற்றச் செலவழிக்க எந்தக் கணக்கப்பிள்ளை சம்மதிப்பான்?

அப்படிப்பட்ட காலத்தில்தான் 1936-இல், கோபுரங்களும் வடங்களும் முடிந்து பாதைக்கு இரும்புச் சட்டம் போட ஆரம்பித்தபோது, ஸ்ட்ராஸ் வலை கட்டினார். நம் ஊர் சர்க்கஸில் பார் விளையாட்டுக்காரிகளுக்குக் கீழே கட்டுகிறார்களே, அதே ஜாதி வலை. மணிலாக் கயிற்றில் பின்னியது. பாலத்தின் அகலத்தைவிட இரு புறமும் பத்துப் பத்து அடி அதிகம். வேலை முன்னேற முன்னேற, வலை அதற்குப் பதினைந்து அடி முன்னால் போய்க்கொண்டே இருக்கும். செலவு 1,30,000 டாலருக்கு மேல். மூன்றரைக் கோடியில் இது எத்தனை பங்கு என்று பார்த்தால் நூற்றுக்கு அரைகூட இல்லை. ஆனாலும் அதற்கு முன் எந்தப் பெரிய பாலத்திலும் யாரும் இப்படிச் செலவழித்ததில்லை.

வலை வந்ததும் ஒரு வேடிக்கை நடந்தது. அதுவரையில் கால் விரலால் இரும்பைத் தடவித் தடவி நடந்தவர்கள், இப்போது தரையில் நடப்பதுபோல் நடந்தார்கள். வேலை வேகமாயிற்று. பயப்படுகிறவன் ஒரு கையால் வேலை செய்கிறான். மற்றொரு கையால் தன் உயிரைப் பிடித்துக்கொண்டிருக்கிறான். வலை அந்தக் கையை விடுவித்துக் கொடுத்தது. சில பேருக்குக் குஷி மிஞ்சிப்போய், வேண்டுமென்றே வலையில் குதித்து விளையாடினார்களாம். குதித்தால் சீட்டுக் கிழியும் என்று பயமுறுத்தித்தான் நிறுத்த வேண்டியிருந்தது.

நிஜமாகவே தவறி விழுந்து, வலையில் மாட்டிப் பிழைத்தவர்கள் பத்தொன்பது பேர். அவர்கள் கூடித் தங்களுக்கு ஒரு சங்கம் வைத்துக்கொண்டார்கள். பெயர், 'நரகத்துக்குப் பாதி வழிச் சங்கம்'. அங்கத்தினராகச் சேருவதற்குச் சந்தா கிடையாது. பாதி வழி போய்த் திரும்பி வந்திருக்க வேண்டும், அவ்வளவுதான். உலகத்தில் எத்தனையோ சங்கங்களைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறேன். இத்தனை அருமையான தகுதி கேட்ட சங்கம் இன்னொன்று இல்லை.

அக்டோபர் 21, 1936 வரையில் பாலத்தில் ஒரு சாவுகூட இல்லை. மூன்றே முக்கால் வருஷத்துக்கு மேல்! பழைய கணக்கை நம்பியவர்களுக்கு இது ஏதோ மாயமாகத் தோன்றியிருக்கும். அன்று ஒரு பாரந்தூக்கி சாய்ந்து ஒருவர் நசுங்கி இறந்தார். அதற்கு வலை எதுவும் செய்திருக்க முடியாது. அதே சமயம், அதே வளைகுடாவின் இன்னொரு பக்கத்தில் ஆக்லாந்துக்குப் போகும் பெரிய பாலம் கட்டி முடிந்து, 1936 நவம்பரில் திறப்பு விழா நடந்தது. அந்த வேலையில் போன உயிர்கள் இருபதுக்கு மேல்.

1937-ஆம் வருஷம் பிப்ரவரி 17. திறப்பு விழாவுக்கு இன்னும் மூன்று மாதம்தான். பாதைக்குக் கான்கிரீட் போட்டாகிவிட்டது. அதன் அடியில் கொடுத்திருந்த சென்ட்ரிங் பலகைகளைப் பிரித்தெடுக்கும் வேலை நடந்தது. நம் கட்டட வேலைக்காரர்களைக் கேட்டால் சொல்வார்கள், கட்டுவதைவிடப் பிரிப்பதில்தான் கண் அதிகம் வேண்டும் என்று. பாலத்தின் அடிப்புறத்தில் சக்கரங்களில் ஓடும்படி தொங்கவிட்ட ஒரு மேடை. அதன் மேல் ஆட்கள் நின்று பலகையைப் பெயர்த்துக்கொண்டிருந்தார்கள். மேடையின் எடை ஐந்து டன். காலை வேளையில் அதன் ஒரு பக்கத்துப் பிடிப்பு விட்டது. மேடை சாய்ந்தது, தொங்கிற்று, வலையின் மேல் விழுந்தது.

வலை மனிதனுக்காகப் பின்னியது. ஐந்து டன் பாரத்துக்காக அல்ல. சற்று நேரம் தாங்கிற்று. பிறகு, கட்டியிருந்த இடங்களிலிருந்து ஒவ்வொன்றாகப் பிய்த்துக்கொண்டு, மேடையையும் மரத்தையும் மனிதர்களையும் சுருட்டிக்கொண்டு கடலில் இறங்கியது. ஒருவர் இரும்பு விட்டத்தைத் தாவிப் பிடித்துத் தொங்கித் தப்பினார். பன்னிரண்டு பேர் விழுந்தார்கள். இருவர் பிழைத்தார்கள். அவர்களில் ஒருவர் அந்த வேலைக்கு ஃபோர்மன். கிழிந்த வலையில் கால் சிக்கிக்கொண்டு தண்ணீருக்கடியில் போய், எப்படியோ விடுவித்துக்கொண்டு மேலே வந்தார். எலும்புகள் ஒடிந்த நிலையில் அவரை ஒரு நண்டுப் படகுக்காரர் தூக்கினார். பத்துப் பேர் வரவில்லை.

பத்தொன்பது பேரைத் தாங்கிய வலையே பத்துப் பேரைச் சுற்றிக்கொண்டு போனதை நினைத்தால் மனசு என்னவோ செய்கிறது. இதைப் படித்த என் சிநேகிதர் ஒருவர், "பார்த்தாயா, உன் வலையும் விதிக்குத்தான் கட்டுப்பட்டது!" என்று சொன்னார். நான் ஒப்புக்கொள்ளவில்லை. விதி எங்கே வந்தது? மேடையின் பிடிப்பு விட்டது. பிடிப்பு விட்டதற்குக் காரணம் இரும்பும் போல்ட்டும், அவற்றைச் சரிபார்க்க வேண்டிய கண்ணும். வலை என்பது கடைசிக் காவல்காரன். வாசலிலேயே திருடனைப் பிடிக்க வேண்டியவன் தூங்கினால் கொல்லைப்புறக் காவல்காரனைக் குற்றம் சொல்லி என்ன பயன்?

மே 27-ஆம் தேதி பாலத்தைத் திறந்தார்கள். முதல் நாள் முழுவதும் நடந்து போகிறவர்களுக்கு மட்டும். ஸ்ட்ராஸ் வழக்கம்போல் ஒரு கவிதை எழுதினார். மறு வருஷமே அவர் காலமாகிவிட்டார். இறந்த பதினொரு பேரின் பெயர்களையும் பொறித்த பலகை ஒன்று பாலத்தில் இருக்கிறது. முப்பத்தைந்து என்று எதிர்பார்த்த கணக்கில் பதினொன்று. பதினொன்றும் அதிகம்தான், அதில் பத்தைத் தடுத்திருக்கலாம். ஆனால் அதற்குப் பிறகு பத்து லட்சத்துக்கு ஓர் உயிர் என்று யாராலும் கூச்சமில்லாமல் சொல்ல முடியவில்லை.

நேற்றுச் சாயங்காலம் இந்தக் கதை முழுவதையும் மேஸ்திரியிடம் சொன்னேன். பாதி வழிச் சங்கத்தைக் கேட்டு விழுந்து விழுந்து சிரித்தார். மேடை விழுந்த இடத்தில் சிரிப்பை நிறுத்திவிட்டார். "சென்ட்ரிங் பிரிக்கிறப்பவா? அதானே!" என்று தலையை ஆட்டினார். பிறகு, "அந்த வலை இப்போ எங்கே இருக்கு?" என்று கேட்டார்.

பாலம் முடிந்ததும் வலைக்கு வேலை முடிந்துவிட்டது. எண்பத்தேழு வருஷம் அந்தப் பாலத்துக்கு வலை இல்லை. வாழ்க்கை வெறுத்துப் போய் அங்கே வந்து குதித்தவர்கள் ஏராளம். அவர்களுக்காக, நடைபாதைக்கு இருபது அடி கீழே, துருப்பிடிக்காத எஃகில் மறுபடியும் ஒரு வலை கட்டி 2024 ஜனவரியில் முடித்தார்கள். இதையும் சொன்னேன். மேஸ்திரி வெகு நேரம் பேசவில்லை. மேலே கொத்தனார் கரணையைக் கழுவி இடுப்பில் செருகிக்கொண்டு சாரத்தில் இறங்க ஆரம்பித்திருந்தார். மேஸ்திரியின் கண் அவர் வைக்கிற ஒவ்வொரு காலையும் பார்த்துக்கொண்டே வந்தது. அவர் தரையில் இறங்கிய பிறகுதான் என் பக்கம் திரும்பினார்.

"பழைய வலை என்ன கயிறுன்னு சொன்னீங்க?"

"மணிலாக் கயிறு."

"நல்ல கயிறுதான். கடையிலே கிலோ என்ன விலை சொல்றான்னு விசாரிக்கணும்" என்றார்.